ஊமை பாடிய பாட்டு

ஸ்வீடன் தேசத்தில் ஓலோஃப் டாலின் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். கவிதை எழுதினார், பத்திரிகை நடத்தினார், தம் நாட்டின் சரித்திரத்தையும் எழுதினார். வைத்தியர் அல்லர். அப்படிப்பட்டவர் 1745-ஆம் ஆண்டில் அந்த நாட்டு விஞ்ஞானக் கழகத்தாருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். பாடத் தெரிந்த ஓர் ஊமையைப் பற்றிய குறிப்பு அது.

அந்த மனிதருக்கு 33 வயது. குடியானவர் வீட்டுப் பிள்ளை. கடுமையான நோய் ஒன்று வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. அதோடு பேச்சும் போய்விட்டது. 'ஆம்' என்கிற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் வாயில் வராது. மற்ற எல்லாவற்றுக்கும் சைகைதான். ஆனால் நோய் வருவதற்கு முன்னால் கற்றிருந்த தேவாலயப் பாடல்கள் சிலவற்றை, பக்கத்தில் யாராவது அடியெடுத்துக் கொடுத்தால் போதும், திடமாக இருக்கிற மனிதர் பாடுவது போலவே தெளிவாகப் பாடினார். சில ஜபங்களையும் ஒரு தாளக்கட்டோடு, குரலை உயர்த்தி, சொல்ல முடிந்தது. பாட்டு முடிந்ததும் மறுபடியும் ஊமை.

இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. பாட்டில் இருப்பவையும் சொற்கள்தாமே? தண்ணீர் வேண்டும் என்று கேட்க நாக்கு எழாத ஒருவருக்கு, நாலு அடிப் பாட்டைச் சொல் உதிராமல் பாட எப்படி முடிந்தது? சொற்களை வைத்துப் பிழைக்கிறவன் நான். அந்தச் சொற்கள் எங்கே குடியிருக்கின்றன, எந்த வாசல் வழியாக வெளியே வருகின்றன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. நான் படித்த படிப்பில் உடற்கூறு சாஸ்திரம் கிடையாது. ஆகையால் வைத்தியர்களின் சரித்திரத்தை ஒரு கதை வாசகனைப் போலத்தான் நான் படித்தேன். படித்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இயல் என்றும் இசை என்றும் நம் முன்னோர் வகுத்தார்கள். அது தமிழை வகுத்த வகுப்பு. மனிதனுடைய மண்டைக்குள்ளும் அப்படி ஒரு வரப்பு இருக்கிறதா என்பதே விஷயம்.

முதலில் காதைப் பார்க்கலாம். பேச்சானாலும் பாட்டானாலும் காதுக்கு வருவது காற்றின் அசைவுதான். அது செவிப்பறையை அசைக்கிறது. செவிப்பறை மூன்று குட்டி எலும்புகளை அசைக்கிறது. அவை, நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கிற உட்காதுக்குள் இருக்கும் திரவத்தை அசைக்கின்றன. அந்தச் சுருளுக்குள்ளே நெடுக ஒரு சவ்வு ஓடுகிறது. கீச்சுக் குரலுக்கு அந்தச் சவ்வு வாசலுக்குப் பக்கத்தில் அதிகமாக அசைகிறது. கட்டைக் குரலுக்குச் சுருளின் உச்சியில் அசைகிறது. இதைக் கண்டு சொன்ன ஜார்ஜ் ஃபொன் பேக்கேஸிக்கு 1961-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. உட்காதிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி மூளையின் அடித்தண்டுக்குப் போய், அங்கிருந்து படிப்படியாக ஏறி, நெற்றிப்பொட்டுக்கு உட்புறத்தில், காதுக்குச் சற்று மேலே இருக்கிற மூளைப் பகுதிக்குச் சேருகிறது. ஒவ்வொரு காதின் செய்தியும் மூளையின் இரண்டு பாதிக்கும் போகிறது. என்றாலும் எதிர்ப்பக்கத்துக்குப் போகிற பாதை கொஞ்சம் பலமானது. இதுவரையில் பேச்சு, பாட்டு என்ற பேதம் இல்லை. ஒரே வண்டியில், ஒரே பாதையில்தான் இரண்டும் வருகின்றன. பேதம் எல்லாம் அதற்கு மேலே நடக்கிற காரியம்.

அந்த மேல் மாடியைப் பற்றி உலகத்துக்கு முதல் செய்தி கொண்டுவந்தவர், பாவம், ஒரு நோயாளி. பாரிஸ் நகரத்துக்குத் தெற்கே பிசேத்ர் என்ற ஆஸ்பத்திரி. அங்கே லெபோர்ஞ் என்பவர் 30-ஆம் வயதில் வந்து சேர்ந்தார். இளமையிலிருந்தே காக்காய் வலிப்பு உள்ளவர். செருப்புத் தைக்கிறவர்களுக்கு மரத்தில் பாத அச்சு செய்து கொடுப்பது அவர் தொழில். பேச்சு நின்றுபோய்த்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எதைக் கேட்டாலும் 'தான்' என்கிற ஓசை ஒன்றுதான் வரும். அதையும் இரண்டு தடவையாகச் சொல்லுவார். நம் தமிழ்த் 'தான்' அல்ல. பிரெஞ்சிலும் அந்த இடத்தில் அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைத் 'தான்' என்றே கூப்பிட்டார்கள். நாளடைவில் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன.

1861-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் காலில் புரையோடிப்போய் அவரை அறுவை வைத்தியப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அவரைப் பார்த்தவர் பால் புரோகா. எத்தனை வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்று புரோகா கேட்டார். லெபோர்ஞ் நல்லபடியாக இருந்த இடது கையை நான்கு தடவை விரித்துக் காட்டினார்; பிறகு ஒரு விரலைக் காட்டினார். 21 வருஷம். கணக்குச் சரி. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் தடவை கேட்டபோது, தம்மைப் பரீட்சை செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் ஒரு வசவு மட்டும் அவர் வாயிலிருந்து முழுசாக வெளியே வரும். கேட்டதைச் சொல்ல ஒரு சொல் இல்லை. திட்டுவதற்கு மட்டும் இருந்தது. இந்த வசவை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 17-ஆம் தேதி லெபோர்ஞ் இறந்தார். மறுநாளே புரோகா அவருடைய மூளையை எடுத்துக்கொண்டுபோய் மானிடவியல் சங்கத்துக் கூட்டத்தில் காட்டினார். இடது பக்கத்தில், நெற்றிக்குப் பின்னால், ஓரிடம் அழிந்திருந்தது. அதே வருஷத்தில் லெலோங் என்ற 84 வயதுக் கிழவர். ஐந்து சொற்கள் மட்டும் மிஞ்சியிருந்தவர். அவருக்கும் அழிவு அதே இடத்தில். இன்னும் சில நோயாளிகளைப் பார்த்த பிறகு 1865-இல் புரோகா ஒரு வாக்கியத்தைத் துணிந்து சொன்னார்: நாம் பேசுவது மூளையின் இடது பாதியைக் கொண்டுதான். மார்க் டாக்ஸ் என்ற நாட்டுப்புற வைத்தியர் இதே முடிவுக்கு 1836-லேயே வந்துவிட்டார் என்று அவருடைய மகன் அதே 1865-இல் எழுதி வெளியிட்டார். யார் முந்தி என்ற வழக்கு இருந்துகொண்டே இருக்கிறது.

1874-இல் ஜெர்மனியில் கார்ல் வெர்னிக்கே, 26 வயது இளைஞர், இன்னொரு வகை நோயாளிகளைப் பற்றி எழுதினார். இவர்கள் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் பேச்சில் பொருள் இருக்காது. பிறர் பேசுவதும் அவர்களுக்குப் புரியாது. அழிவு இடது பக்கத்திலேயே, ஆனால் காதுக்கு மேலே. ஆக, பேச்சைப் புறப்படச் செய்யும் இடம் ஒன்று, பேச்சைப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று என்று இரண்டு கிராமங்கள் கணக்கில் ஏறின.

அதற்குப் பிறகு மூளையைச் சர்வே செய்கிற வேலை மும்முரமாக நடந்தது. சங்கிலி பிடித்து நிலத்தை அளந்து, இந்த இடம் இன்னாருக்கு என்று பட்டா கொடுப்பது போலத்தான். 1888-இல் ஆகுஸ்ட் நோப்லாஹ் என்ற ஜெர்மானிய வைத்தியர் இசைக்கும் ஒரு பட்டா எழுதினார். பேச்சிழப்புக்கு 'அபேஷியா' என்று பெயர் இருப்பது போல், இசையிழப்புக்கு 'அமியூசியா' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

இந்தப் பட்டா விவகாரத்தில் அகப்படாமல் வேறு விதமாக யோசித்தவர் இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன் என்று பெயர். பேச்சில்லாத குழந்தைகள் பாடுவதைப் பற்றி 1871-இல் அவர் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: பேச்சிலேயே இரண்டு வகை உண்டு. ஒரு விஷயத்தை எண்ணி, அதற்கான சொற்களைப் பொறுக்கி, புதிதாகக் கோத்துச் சொல்வது ஒன்று. வசவு, 'ஐயோ' என்ற அலறல், கும்பிடும்போது சொல்கிற வார்த்தை, பாடமாகிப்போன பாட்டு ஆகியவை இன்னொன்று. இவை கோக்கப்படுவதில்லை, கோத்த மாலையாகவே உள்ளே கிடக்கின்றன. இடது பாதி அழிந்தால் கோக்கிற கை போய்விடுகிறது. மாலை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

ஸ்வீடன்காரரின் பாட்டும் பாரிஸ்காரரின் வசவும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை என்று இப்போது தெரிகிறது அல்லவா? எனக்கு இந்த இடத்தில் எழுத்துத் தொழில் ஞாபகம் வந்தது. கதையில் ஒருவன் ஆத்திரத்தில் கத்துகிற வாக்கியத்தை நாம் யோசித்து எழுத வேண்டியதே இல்லை. கை தானே எழுதிவிடும். அதே மனிதன் மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்துக்குத்தான் அரை நாள் ஆகிறது.

பாடுகிறவர் விஷயம் இப்படி என்றால், பாட்டைப் படைக்கிறவர் விஷயம் என்ன? இதற்கு இரண்டு பெரிய மனிதர்களின் துயரம் சாட்சி சொல்கிறது.

பிரெஞ்சு இசை மேதை மாரிஸ் ராவெல் 1928-இல் 'பொலேரோ'வை எழுதி உலகப் புகழ் பெற்றவர். ஏற்கனவே சில அறிகுறிகள் இருந்தன. 1932-இல் ஒரு டாக்ஸி விபத்துக்குப் பிறகு நிலைமை மோசமாயிற்று. சொல் தடுமாறியது, கையெழுத்துப் போடக்கூடச் சிரமம். அவரைப் பரிசோதித்த வைத்தியர் அலாழுவானின் பிற்பாடு 1948-இல் விவரங்களை எழுதினார். ராவெலுக்குத் தம் இசையைக் கேட்டால் அடையாளம் தெரியும். வாசிக்கிறவர் எங்கே தப்பு செய்கிறார் என்று உடனே பிடித்துவிடுவார். ஆனால் ஸ்வரக் குறிப்பைப் படிக்கவும் எழுதவும் முடியவில்லை. மனத்துக்குள் ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றிய இசை நாடகம் ஒன்று இருந்தது. அதைக் காகிதத்தில் இறக்க வழியில்லை. 1937 டிசம்பரில் மண்டையைத் திறந்து பார்த்தார்கள். கட்டி ஒன்றும் இல்லை. 28-ஆம் தேதி காலமானார். கிணறு நிறையத் தண்ணீர், கயிறு அறுந்துவிட்டது.

மற்றவர் ரஷ்யர், விஸ்ஸாரியோன் ஷெபாலின். மாஸ்கோ இசைக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். 1948-இல் ஷோஸ்டகோவிச் முதலியவர்களோடு இவரையும் கட்சி கண்டித்தது, பதவி போயிற்று. 1953-இல் மூளையில் முதல் தாக்குதல். ஓரளவு தேறினார். 1959-இல் இரண்டாவது தாக்குதல். இந்தத் தடவை பேச்சு பலமாக அடிபட்டது. சொல் கிடைக்கவில்லை; பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும் கஷ்டமாயிற்று. சோவியத் நாட்டின் பெரிய மூளை ஆராய்ச்சியாளர் அலெக்ஸாண்டர் லூரியாவும் சகாக்களும் அவரைப் பரிசோதித்தார்கள். எளிய வாக்கியம் ஒன்றைத் திருப்பிச் சொல்லத் தடுமாறுகிற மனிதர், மாணவர்களின் இசைப் படைப்பைக் கேட்டுத் திருத்துகிறார், தாமும் படைக்கிறார். 1962-இல் தம்முடைய ஐந்தாவது சிம்பனியை முடித்தார். 1963-இல் இறந்தார். லூரியாவின் கட்டுரை 1965-இல் வந்தது.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்குகிறது. பேச்சு போனால் இசையும் போகும் என்று சொல்வதற்கில்லை. இசை தப்பிக்கும் என்றும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஷெபாலினுக்கு முழுசாக நின்றது. ராவெலுக்குக் கேட்கிற பாதி நின்றது, எழுதுகிற பாதி போயிற்று. 'இசை' என்று நாம் ஒரே சொல்லாகச் சொல்வது உள்ளே ஒரே பொருளாக இல்லை.

நோயாளிகள் வந்து சேருகிறவரையில் காத்திருக்காமல், தாங்களே சோதனை செய்து பார்க்கும் காலம் பிற்பாடு வந்தது. ஜப்பானிய வைத்தியர் ஜுன் வாடா 1949-இல் ஒரு முறையை வெளியிட்டார். கழுத்தின் ஒரு பக்கத்து ரத்தக் குழாயில் மயக்க மருந்தைச் செலுத்தினால் மூளையின் அந்தப் பாதி மட்டும் சில நிமிஷம் தூங்கும். மற்ற பாதி விழித்திருக்கும். வலிப்பு நோய்க்காக மூளையில் கத்தி வைக்கும் முன்பு, பேச்சு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள இது உதவியது. இடது பாதி தூங்கினால் பெரும்பாலோருக்குப் பேச்சு நின்றது. 1971-இல் போகன், கார்டன் என்ற இருவர் வலது பாதியைத் தூங்கவைத்து நோயாளிகளைப் பாடச் சொன்னார்கள். குழறலாக இருந்தாலும் பேச முடிந்தது. பாட்டில் மட்டும் மெட்டு இல்லை. ஒரே சுருதியில் சொற்கள் வரிசையாக வந்தன.

கனடா தேசத்து மாண்ட்ரியல் நகரில் பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் 1962-இல் வெளியிட்ட முடிவும் இதற்கு ஒத்தாசையாக இருந்தது. வலிப்புக்காக நெற்றிப்பொட்டுக்கு உட்புறப் பகுதியை எடுத்துவிட்ட நோயாளிகளை அவர் பரிசோதித்தார். வலது பக்கத்தில் எடுத்தவர்களுக்கு நாதத்தின் குணத்தைப் பிரித்தறிவதும், சற்று முன் கேட்ட ஸ்வர வரிசையை மனத்தில் வைத்துக்கொள்வதும் குறைந்துபோயிருந்தன. அதே நகரில் டோரீன் கிமுரா என்ற அம்மையார் கத்தியில்லாமலே காரியத்தைச் சாதித்தார். இரண்டு காதிலும் ஒரே சமயத்தில் வேறு வேறு எண்களைச் சொல்லவைத்தார். வலது காதில் விழுந்த எண்களே அதிகமாக நினைவில் நின்றன; வலது காதின் பலமான பாதை இடது மூளைக்குப் போகிறது அல்லவா? இது 1961-இல். 1964-இல் எண்களுக்குப் பதிலாக மெட்டுக்களை வைத்தார். இப்போது இடது காது ஜெயித்தது.

இவ்வளவு சாட்சியம் சேர்ந்த பிறகு ஊர் உலகம் சும்மா இருக்குமா? 'இடது மூளை பேச்சுக்கு, வலது மூளை பாட்டுக்கு' என்று சூத்திரம் பிறந்துவிட்டது. இடது மூளைக்காரன் கணக்கன், வலது மூளைக்காரன் கலைஞன் என்று ஜாதி பிரித்துப் புஸ்தகம் போட்டவர்களும் உண்டு. குழந்தைக்கு எந்த மூளை என்று கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெற்றோர் பாவம், அதையும் கொடுக்கிறார்கள்.

ஆனால் சரித்திரம் அந்த இடத்தில் நிற்கவில்லை. 1974-இல் பீவர், சியாரெல்லோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இசைப் பயிற்சி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் மெட்டுக்களைக் கேட்கக் கொடுத்தார்கள். பயிற்சி இல்லாதவர்களுக்கு இடது காது நன்றாகக் கேட்டது. பயிற்சி உள்ளவர்களுக்கோ வலது காது! வெறுமனே ரசிக்கிறவன் மெட்டை ஒரே முகமாகக் கேட்கிறான். வித்வான் அதை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் கேட்கிறான். கேட்கிற விதம் மாறினால் வேலை செய்கிற பக்கமும் மாறுகிறது.

இன்னொரு சோதனை அதைவிடச் சுவாரஸ்யமானது. தாய்லாந்து மொழியில் ஒரே எழுத்துச் சேர்க்கையைக் குரல் ஏற்றி, இறக்கி, வளைத்துச் சொன்னால் வேறு வேறு பொருள் தரும். குரலின் ஏற்ற இறக்கம் என்பது இசையின் சொத்து. அப்படியானால் வலது பக்கம் போக வேண்டும். 1973-இல் வான் லாங்கர், ஃப்ராம்கின் என்ற இரு பெண்மணிகள் சோதித்தார்கள். தாய்லாந்துக்காரர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் சொல்லின் பகுதியாக வந்தபோது வலது காது, அதாவது இடது மூளை, முந்திக்கொண்டது. அந்த மொழி தெரியாத ஆங்கிலேயக் காதுகளுக்கு அப்படி நேரவில்லை. ஒலி ஒன்றேதான். அதை எதற்காகக் கேட்கிறோம் என்பதுதான் அதற்கு வழி காட்டுகிறது.

டயானா டாய்ட்ச் என்ற இசை ஆராய்ச்சியாளர் 1995-இல் ஒலித்தட்டு ஒன்றுக்காகத் தாம் பேசிப் பதிவு செய்ததைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப ஓடியது. ஓட ஓட, பேசிய வாக்கியம் பாடுகிற வாக்கியமாகிவிட்டது! ஒலியில் ஓர் அணுவும் மாறவில்லை. வாசகர்கள் இதற்குக் கருவி தேடிப் போக வேண்டாம். காய்கறிக்காரி தெருவில் கூவிக்கொண்டு வருகிறாள். முதல் தடவை அது செய்தி. பத்தாம் தடவை அது மெட்டு. பதினைந்தாம் தடவை வீட்டுக் குழந்தை அதைப் பாடிக்காட்டுகிறது.

அப்படியானால் இடது, வலது என்பது வெறும் பொய்யா? இல்லை. 2020-இல் மாண்ட்ரியலில் ராபர்ட் ஸடோரேயின் ஆராய்ச்சிக் கூடத்தார் இதைத் தெளிவுபடுத்தினார்கள். பத்து வாக்கியங்களையும் பத்து மெட்டுக்களையும் எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒவ்வொரு மெட்டிலும் பாடவைத்து 100 பாட்டுக்கள் செய்தார்கள். பிறகு அந்த ஒலியை இரண்டு விதமாகக் கெடுத்தார்கள். நேரத்தில் நடக்கிற வேகமான மாறுதல்களை மழுக்கினால் சொல் புரியவில்லை, மெட்டு தெரிந்தது. சுருதியின் நுட்பமான வேறுபாடுகளை மழுக்கினால் மெட்டு போயிற்று, சொல் புரிந்தது. எம்.ஆர்.ஐ. கருவியில் மூளையைப் பார்த்தபோது, சொல்லைப் பிடிக்கிற இடது பக்கம் நேரத்தின் மாறுதலுக்கும், மெட்டைப் பிடிக்கிற வலது பக்கம் சுருதியின் மாறுதலுக்கும் வசப்பட்டிருந்தன.

இதன் பொருள் என்ன? 'பட்டம்' என்பதும் 'பாட்டம்' என்பதும் வேறாவது குரல் நீள்கிற கால அளவினால். ஒரு மாத்திரை வித்தியாசம்.  பேச்சு கண் இமைக்கிற நேரத்துக்குள் முடிகிற காரியம். சுருதியோ நின்று கேட்டால்தான் நுட்பம் தெரியும். ஒரே கருவியால் இரண்டையும் ஒருங்கே கூர்மையாக அளக்க முடியாது. ஆகையால் ஒரு பக்கம் நேரத்துக்கான தராசையும் மற்றப் பக்கம் சுருதிக்கான தராசையும் வைத்துக்கொண்டிருக்கின்றன. பேச்சுக்கும் பாட்டுக்கும் தனித்தனி வீடு என்று நினைத்தோம். ஒரே வீட்டில் இரண்டு தராசுகள். வருகிற சரக்கைப் பொறுத்து இரண்டிலும் நிறுக்கிறார்கள்.

இதெல்லாம் படித்தவர்கள் பேசிக்கொள்கிற விஷயமாகவே நின்றிருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். நல்ல வார்த்தைக்காரர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மனைவியின் பெயர் வாயில் வராது; சோறு வேண்டும் என்று சொல்ல வராது. சாயங்காலம் பேரப் பிள்ளைகள் விளக்கேற்றிப் பாடினால் கூடவே பாடுவார், சொல் பிசகாமல். "பாட மட்டும் வருகிறதாக்கும்! எல்லாம் அழுத்தம். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார்" என்று வீட்டார் சொல்ல என் காதால் கேட்டேன். கோபம் வந்தபோது அவர் வாயிலிருந்து வசவு ஒன்று சுத்தமாக வந்து விழுந்தது; அதையும் அவருக்கு எதிரான சாட்சியமாகவே வைத்துக்கொண்டார்கள். பேசத் தெரிந்தும் பேசாத மனிதர் என்ற பெயரோடு அவர் போய்ச் சேர்ந்தார். ஜாக்ஸன் 1871-இல் எழுதியது அந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லை.

பாடத் தெரிந்த ஊமைக்குப் பாட்டு வழியாகவே பேச்சைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று யோசித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் 1973-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். முறை எளிமையானது. 'தண்ணி வேணும்' என்கிற மாதிரி ஒரு சிறு வாக்கியத்தை இரண்டே சுருதியில், ஒன்று மேலே ஒன்று கீழே, இழுத்து இழுத்துச் சொல்லவேண்டும். அசைக்கு ஒரு தட்டாக நோயாளியின் இடது கையைத் தட்டவைக்க வேண்டும். முதலில் வைத்தியரும் கூடப் பாடுவார். பிறகு பாதியில் நிறுத்திக்கொள்வார். பிறகு மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, கடைசியில் சாதாரணப் பேச்சாக்கிவிடுவது. சாரம் கட்டிச் சுவர் எழுப்பியபின் சாரத்தை அவிழ்ப்பது போல. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்யவேண்டிய வேலை இது. 2011-இல் தலையின் இடது பக்கத்தில் குண்டு பாய்ந்து பேச்சிழந்த அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸுக்கும் இசை வழிச் சிகிச்சை கை கொடுத்தது.

இது எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. புரிந்துகொள்ளும் சக்தி நன்றாக இருந்து, சொல்ல மட்டும் வராதவர்களுக்கே இது ஏற்றது. பலனுக்குக் காரணம் மெட்டா என்பதிலும் வழக்கு உண்டு. 2011-இல் பெஞ்சமின் ஸ்டால் என்ற ஜெர்மானியரும் சகாக்களும் ஆராய்ந்து, மெட்டைவிடத் தாளமும், ஏற்கனவே பழகி மனத்தில் படிந்த சொற்றொடரும்தான் அதிகம் உதவுகின்றன என்று எழுதினார்கள். டாலினின் குறிப்பிலேயே இதற்கு விதை இருக்கிறது. அந்த ஸ்வீடன்காரர் ஜபத்தைப் பாடவில்லை; தாளக்கட்டோடு சொன்னார்.

லெபோர்ஞின் மூளையைப் பாரிஸில் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2007-இல் அதை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தார்கள். அழிவு, புரோகா மேலாகப் பார்த்த இடத்தோடு நிற்காமல், உள்ளே ஆழமாகப் போயிருந்தது தெரிந்தது. மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நார்க்கற்றைகளும் அழிந்திருந்தன. கிராமம் மட்டும் அழியவில்லை, பாதையும் அழிந்திருந்தது. அவருடைய முழுப் பெயர் லூயி விக்தோர் லெபோர்ஞ் என்பதையும், தொழில் இன்னது என்பதையும் போலந்து நாட்டுச் சரித்திர ஆராய்ச்சியாளர் ஒருவர் பழைய பதிவேடுகளைத் துருவி 2013-இல்தான் வெளியிட்டார். 150 வருஷத்துக்கு மேல் உலகத்து வைத்தியப் புஸ்தகங்களிலெல்லாம் அவர் 'தான்' என்ற ஓசையாகவே இருந்தார். அந்த ஓசையைத் தவிர அவருக்குள் வேறு ஒன்றும் இல்லை என்றல்ல. அது தெரியும்படியாகத்தான் இடது கையை நான்கு தடவை விரித்து, ஒரு விரலையும் காட்டினாரே!

பேச்சிழந்தவர் நம் வீட்டில் இருந்தால் செய்யவேண்டியவை இரண்டு. நோய் தாக்கிய அன்றைக்கு ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது முதலாவது. பிறகு பேச்சுப் பயிற்சி தெரிந்தவரிடம் காட்டி, பொறுமையாக இருப்பது இரண்டாவது. பாட்டு வருகிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். வசவு வருகிறதே என்று வருத்தப்படவும் வேண்டாம். அவை அழியாமல் மிஞ்சிய சொத்து. அவருக்கு வாய் திறக்கவில்லை என்றால், சற்று உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த பாட்டில் ஓர் அடியெடுத்துக் கொடுத்துப் பாருங்கள்.